பட்டு மெத்தையில் ஒரு பூனைக்குட்டி

அப்பா தறிக்குழிக்குள் காலை இறக்கியபோது மிதிக்கட்டைக்குப் பக்கத்தில் ஏதோ கத்தியது.

"ஏம்மா, இங்க எலி கீது பாரு."

எலி இல்லை. உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பூனைக்குட்டி. கண் அப்போதுதான் கீறல் விட்டதுபோல் திறந்திருந்தது. தாய் மற்ற குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு இதை மட்டும் விட்டிருந்தது. மத்தியானம் வரை அப்பா தறியில் உட்காராமல் காத்திருந்தார். தாய் வரவில்லை.

"வெளிய வுட்டுடு. தறியில இழுத்துக் கட்டன பாவு நூலு மேல நகம் பட்டுச்சின்னா ஒரு பொடவ போச்சி" என்றார்.

"நகம் முளைக்கறதுக்குள்ள இது செத்துடும்பா. கவலப்படாத."

என் வாய்க்குப் பயந்து தெருவில் யாருமே பதில் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, இயற்பியல். முடித்து ஒன்றரை வருடமாகப் பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுதிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். இருக்கிற கோபத்தையெல்லாம் வாய்தான் சுமக்கிறது.

பூனை வளர்த்துப் பழக்கமில்லை. முதலில் பசும்பாலைக் கொடுத்து வயிற்றைக் கெடுத்தேன். கால்நடை டாக்டருக்குப் போன் செய்தபோது, "ஏம்மா, பசு கன்னுக்குட்டிக்குத்தானே பால் சுரக்குது?" என்று திட்டினார். அதற்கென்று தனியாகப் பால் பவுடர் இருக்கிறதாம். ஆரணியில் தேடிக் கிடைக்காமல், வேலூரில் வேலை செய்யும் என் தோழி டயானா வாங்கிப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஊசி கழற்றிய சிரிஞ்சில், குட்டியைக் குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடியில் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடாமல் இந்த வயதில் அதற்கு ஒன்றுக்குக்கூட வராது.

"உனக்குக் கூட நான் இத்தன சேவ பண்ணலடி" என்று அம்மா சிரித்தாள்.

எல்லாம் டாக்டரைக் கேட்டுத்தான் செய்தேன். படுக்கையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? நெசவுக்காரர் வீட்டில் மெத்தென்று எது வேண்டுமானாலும் கை முதலில் கழிவுப் பட்டு வைத்திருக்கும் பைக்குள்தான் போகும். அறுந்த இழை, வெட்டிப் போட்ட நுனி எல்லாம் பஞ்சைவிட மென்மையாக அதில் கிடக்கும். புடவை வைக்கிற அட்டைப்பெட்டியில் அதைக் கொட்டிப் பரப்பி, ஓரத்தில் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைத்தேன். குட்டி அதற்குள் புதைந்து தூங்கியது.

"மனுஷன் நெய்யறான், பூன பட்டுல படுக்குது" என்றார் அப்பா. ஆனாலும் தினமும் தறியில் உட்காரும் முன் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் காலை குட்டி பால் குடிக்கவில்லை. துடைத்துவிட்டும் ஒன்றுக்கு வரவில்லை. விடாமல் கத்தியது. தூக்கிப் பார்த்தேன். பின்னங்கால் ஒன்று கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது: மயிரைவிடச் சன்னமான பட்டிழை ஒன்று காலைச் சுற்றி இறுகித் தோலுக்குள் புதைந்திருந்தது. குட்டி புரளப் புரள அது சுற்றிக்கொண்டே போயிருக்கிறது.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் பெரணமல்லூர்ப் பக்கம் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வர மத்தியானம் ஆயிடும்மா. அதுவரைக்கும் அந்தக் கால் தாங்காது. எப்படியாவது நூலை எடுத்துடுங்க. கத்தரி மட்டும் வேணாம், நரம்புல பட்டுடும்."

நானும் முயன்றேன். நகத்துக்கு இழை சிக்கவில்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இழ கண்ணுக்கே தெரியலம்மா" என்று நிமிர்ந்துவிட்டார்.

"பரிமளாவக் கூப்புடு" என்றாள் அம்மா.

பரிமளா அக்கா ரெண்டு வீடு தள்ளி இருக்கிறாள். ஒரு பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிற வேலை அவளுடையது. முள்ளிப்பட்டு வரைக்கும் அவளைக் கூப்பிடுவார்கள். ஐந்து மாதமாக எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை. எங்கள் வீட்டில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தபோது, "மூணு வருசம் காலேஜ் போயி இன்னாடி கண்ட? ஊட்லதான குந்திகினு கீற" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். "எட்டாவதே தாண்டாதவ எனக்குப் புத்தி சொல்றியா?" என்று நானும் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அதன்பிறகு என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். நானும் அப்படியே.

"அவகிட்ட நான் போவமாட்டேன்."

குட்டியின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கத்தியபோதுகூட எனக்கு இவ்வளவு பயமில்லை. பெட்டியோடு ஓடினேன்.

பரிமளா அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை இன்னும் வேகமாகத் தட்டினாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருக்கா."

"நான் எட்டாவதே தாண்டலியே, எனக்கு இன்னா தெரியும்?"

"ஆமா, சொன்னேன். தப்புதான். அப்புறமா என்னை எவ்ளோ வேணா திட்டு. கால் போயிடும்க்கா."

முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "அட அறிவே இல்லாதவளே! கழிவுல போயி யாராவது..." என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நானா இருந்தாலும் அதுலதான் போட்டிருப்பேன். குட்டிய இப்டி குடு. ஜல்தியா உள்ள போயி தேங்கா எண்ண எடுத்துனு வா. ஒரு ஊசி எடுத்தா, மழுங்கனதா."

குட்டியை மடியில் கிடத்திக் காலில் எண்ணெய் தடவினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டேதான் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தக் காலை இழை இழையாகத் தடவின.

"மூணு சுத்து. முறுக்கு இடப்பக்கம் போவுது. அசையாத, மூச்சு வுடாத."

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் மூச்சு விடவில்லை. ஊசியின் காதுப் பக்கத்தை நகம் போகாத இடத்தில் நுழைத்து இழையைத் தூக்கினாள். அதன் நுனியை விரலால் கிள்ளி, முறுக்குக்கு எதிராக மெல்ல உருட்டினாள். ஒரு சுற்று வந்தது. இன்னொன்று. மூன்றாவது வரும்போது குட்டி வீல் என்று கத்தியது. நான் அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை.

"தோ பாரு, வந்துடுச்சி."

அவள் விரல் நுனியில் ஒரு சாண் சிவப்பு இழை. என் அப்பா நெய்த ஏதோ ஒரு புடவையின் முந்தானை நுனியாக இருக்கும்.

ரெண்டு பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கத்திரிக்காய் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. அரை மணி கழித்துப் பாதத்தின் அடியில் ரோஜா நிறம் தெரிந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்துவிடச் சொல்லிக் கொடுத்தேன். ரெண்டு தரம்தான் துடைத்தாள். பரிமளா அக்காவின் மடி நனைந்தது.

"சீ, சனியனே!" என்று துள்ளினாள். காலையிலிருந்து நான் காத்திருந்தது அதற்குத்தான் என்று சொன்னதும் என்னை முறைத்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

மத்தியானம் வந்த டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, "பொழச்சிடும். யாரு எடுத்தது?" என்றார். நான் பரிமளா அக்காவைக் காட்டினேன். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து புதுப் படுக்கைக்குத் துணி தேடியபோது என் காலேஜ் டீ-சர்ட்தான் கிடைத்தது. முதுகில் இயற்பியல் துறை என்று அச்சடித்திருக்கும்.

"உன் படிப்பு இப்பதாண்டி ஒதவுது" என்றாள் பரிமளா அக்கா.

எனக்குக் கோபம் வரவில்லை. "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலக்கா" என்றேன். எனக்கே அது என் குரல் போல இல்லை.

"பேஜார் பண்ணாத. குடு இத."

டீ-சர்ட்டை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி மடியில் போட்டுக்கொண்டாள். கைமடிப்பு, கழுத்து, ஓரத் தையல் என்று ஒரு இடம் விடாமல் விரலால் தடவி, நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு நூலையும் பல்லால் கடித்து எடுத்துத் துப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரிஞ்சில் பால் நிரப்பினேன். குட்டி குப்புறப் படுத்து, வீங்கிய காலையும் சேர்த்து ஊன்றி, குடிக்க ஆரம்பித்தது.