பத்துக்கு ஆறரை

எடையளவு இன்ஸ்பெக்டராக இருபத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர். ஐந்து கிராம் குறைந்தாலும் விடமாட்டார். கடைக்காரர்கள் வைத்த பெயர் முத்திரைக்காரர்.

லாரி எடைமேடையைச் சோதிக்கப் போன இடத்தில், அடிக்குழியில் தவறி விழுந்தார். முதுகுத்தண்டு நசுங்கியது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, தொட்டால் தெரிவதும் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தக் கால்கள் எரிய ஆரம்பித்தன. கொதிக்கிற எண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி, ஓயாமல்.

"கிள்ளினாலே தெரியாத காலு, அது எப்படி மாமா வலிக்கும்?" என்றான் மச்சான். கிள்ளியும் காட்டினான்.

மாத்திரைகள் மயக்கத்தைக் கொடுத்தன, எரிச்சலை எடுக்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆபரேஷன் இருப்பதாகச் சொன்னார்கள். முதுகைத் திறந்து, வலியைக் கிளப்பும் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் இடங்களை ஒவ்வொன்றாகச் சுட்டுவிடுவார்கள். ஒரு நிபந்தனை: பத்து மார்க்கில் வலி குறைந்தபட்சம் ஏழு வாங்க வேண்டும்.

"எவ்வளவு சார்?" என்றார் சின்ன டாக்டர்.

"ஆறரை."

படிவத்தில் அரைக்கு இடமில்லை. ஆறு என்று எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். மூன்று மாதம் கழித்தும் ஆறரைதான்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே மனைவி பொரிந்தாள். "ஏழுன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"அரை கூட்டிச் சொன்னவன் கடையை எத்தனை தடவை நானே பூட்டியிருக்கேன்."

அடுத்த முறை ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மாவே தன் அறைக்குக் கூப்பிட்டார். "அதென்ன அரை?"

"கற்பனை பண்ண முடிஞ்சதுலயே மோசமான வலிதான் பத்துன்னு உங்க வலி மார்க் அட்டையில போட்டிருக்கு. நான் விழுந்த அன்னிக்கு ஸ்கூல் லீவுன்னு என் பொண்ணும் கூட வந்திருந்தா. குழி ஓரத்துலதான் நின்னா. அவ விழுந்திருந்தா எப்படின்னு நினைச்சுப் பாத்தேன். அதுதான் பத்து. அதோட பாத்தா இது ஆறரை."

மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"பொண்ணை விட்டுடுங்க. உங்க உடம்பை மட்டும் வச்சுச் சொல்லுங்க."

யோசித்தார். "அப்படின்னா ஒன்பதேகால்."

டாக்டரம்மா அந்தக் காலை விட்டுவிட்டு ஒன்பது என்று எழுதினார்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. வலது கால் எரிச்சல் அடியோடு போயிற்று. இடதில் கொஞ்சம் தங்கிவிட்டது. நாலாம் நாள் ஆஸ்பத்திரி விளம்பர ஆள் கேமராவோடு வந்து நின்றார்.

"வலி பூஜ்யம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"ரெண்டேகால் இருக்கே."

"ஒரு பேச்சுக்கு, ரவுண்டா..."

"ரவுண்டா சொன்னவங்களுக்கு நான் அபராதம் போட்டிருக்கேன் தம்பி."

விளம்பர ஆள் அடுத்த வார்டுக்குப் போய், குடல்வால் எடுத்த ஒருவரைப் படம் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சிரித்த முகம்.

அன்று மத்தியானம் முத்திரைக்காரர் மாத்திரை இல்லாமலே தூங்கினார். கட்டிலோரம் மகள் வீட்டுப்பாடம் எழுதினாள். மனைவி வராந்தாவில் உட்கார்ந்து, ஒருவரும் கூப்பிடாமல், ஒரு டம்ளர் டீயைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தாள்.