ஒற்றைப் பட்டன்

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்னது. மருத்துவக் காப்பீட்டு நிறுவனமொன்றின் மேலாளர் என் வீட்டுக்கே வந்தார்.

"உங்க தொடர்கதையில கொலைகாரன் முதல் வாரமே வந்து காபி குடிச்சிட்டுப் போவான். கடைசி வாரம் வரைக்கும் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. அந்த வித்தைதான் சார் எங்களுக்கு வேணும்."

அவர்களுடைய செயற்கை நுண்ணறிவு, ஒரு பஸ் டிரைவரின் ஆபரேஷனுக்குப் பணம் தர மறுத்துவிட்டது. ஆபரேஷன் தள்ளிப்போய், மனிதருக்குக் கால் போனது. இப்போது ஓர் அறிக்கை வேண்டும். பொறுப்பு, நம்பிக்கை, வெளிப்படைத்தன்மை எல்லாம் வர வேண்டும். (அதெல்லாம் வந்துவிட்டால் பொறுப்பேற்க ஆள் வர வேண்டியதில்லை.)

2.

'வருந்தத்தக்க நிகழ்வு ஒன்று...' வேண்டாம். தானாகப் பெய்ய அதென்ன மழையா?

'எங்கள் தொழில்நுட்பம் கற்றுக்கொண்டே இருக்கிற...' யார் காலை வைத்து? அடித்தேன்.

'இறுதி முடிவு எப்போதும் ஒரு மனிதரின் கையில்தான்.' பிரமாதம்! எனக்கு நானே கைதட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பின்னால் நின்று அக்கா படித்தாள். [அவளுக்கும் அதே நிறுவனத்தில்தான் வேலை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தொடர்கதைப் புத்தி!]

"அந்த மனுஷர் யாருடா?"

"யாரோ. கதைக்கு ஒரு ஆள் வேணும்ல?"

"நான்தான்டா அது. டிரைவர் கேஸ் என் ஸ்கிரீன்லதான் வந்துச்சு."

"மெஷின் சொன்னதை நீ மறுத்திருக்கலாமே?"

"எதை வச்சு? 'ஏற்கிறேன்'னு ஒரே ஒரு பட்டன்தான் இருக்கு. இன்னொண்ணு வைங்கன்னு கேட்டேன். 'உங்க மேற்பார்வை மேல முழு நம்பிக்கை இருக்கு மேடம்'னு பூங்கொத்து குடுத்தாங்க."

3.

முடிவு அ: அறிக்கை வெளியாகிறது. கொலைகாரன் நிம்மதியாகக் காபியைக் குடித்து முடிக்கிறான். அக்காவுக்கு வேலையும் போகிறது, பழியும் வருகிறது.

முடிவு ஆ: இயந்திரம் மனம் திருந்தி... (அடச்சே! அதற்கு ஏது மனம்? அதை வாங்கி வைத்தவர்களுக்கு உண்டு என்று கேள்வி.)

மேலாளர் போன் செய்தார். "முடிஞ்சுதா சார்?"

"கடைசி வாரம் கொலைகாரனைச் சொல்லியே ஆகணும் சார். அது எங்க தொழில். மறுக்கிற பட்டனை வைக்க வேணாம்னு சொன்னது யாரு?"

"அது... எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு."

"எல்லாரும்னா யார் யார்?"

போன் கட்.

4.

"என்னையும் எழுது. மறைக்காத" என்றாள் அக்கா. எழுதிவிட்டேன். அறிக்கையை அவர்களுக்கு அனுப்பவில்லை, வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

இதைக் கையில் பிடித்துக்கொண்டு, டிரைவர் கேஸ் பற்றிய விசாரணைக்கு அக்கா போகிறாள். உள்ளே என்ன நடக்கும்? நான் எழுத மாட்டேன். அவளுக்குத் தராத பட்டனை மட்டும் இங்கே வைக்கிறேன்:

[ மறுக்கிறேன் ]

விரல் உங்களுடையது.