பாதி வற்றும் வரை

குழந்தையின் உதடு நீலம் பாரித்திருக்கிறது என்று தங்கை போனில் சொன்னபோது, அவர் ஆய்வகத்தில் யாருடைய கிணற்றுத் தண்ணீரிலோ கிருமி தேடிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு ஏழு வாரம். தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால்.

"தண்ணிய கொதிக்க வெச்சுத்தானே கலக்குற?"

"உன் கூடப் பொறந்துட்டு கொதிக்க வைக்காம இருப்பேனாண்ணா? அரை மணி நேரம். பாதி வத்துற வரைக்கும்."

குடும்பத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'கொதிநீர்'. காய்ச்சலோ கல்யாணப் பேச்சோ, மச்சான் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான் என்று தங்கை புருஷன் கேலி செய்வார். இப்போது 'பாதி' என்று கேட்டதும் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். அந்தத் தண்ணீரில் இனி ஒரு சொட்டுகூடக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார்.

சோதனைப் பெட்டியோடு அவர் தங்கை வீட்டுக்குப் பறந்தார். பூட்டக்கூட நேரமில்லாமல் போயிருந்தார்கள். கிணற்று நீர் ஒரு குழாயில், அடுப்பு மேல் ஆறிக்கிடந்த நீர் இன்னொன்றில். பொடியைப் போட்டுக் குலுக்கினார். ஐந்து நிமிஷம். முதல் குழாய் ரோஜா நிறம். இரண்டாவது ரத்தச் சிவப்பு.

நைட்ரேட். கைக்குழந்தையின் ரத்தத்தைப் பிராணவாயு சுமக்கவிடாத உப்பு. வயலில் போட்ட யூரியா மண்ணுக்குள் இறங்கி எடுத்த மறுபிறவி. கொதித்தால் கிருமி சாகும், இது சாகாது. தண்ணீர் வற்ற வற்றக் கெட்டியாகும். பரீட்சைக்குப் படித்த வரிதான். யாரும் கேட்காததால் அவரும் சொன்னதில்லை.

டாக்டருக்குப் போன் செய்தார். மாற்று மருந்தை உடனே ஏற்றினார்கள். பலனில்லை. மாலை நாலு மணிக்குக் குழந்தைமேல் மாட்டியிருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள்.

வராந்தாவில் தங்கை புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோள வயல்காரர். கை இரண்டும் உரம் அரித்துச் சொரசொரத்திருந்தன. கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டலாமா என்று கேட்டார். ஆழமும் சில வருஷம்தான் தாங்கும். எரிவாயுவையும் காற்றையும் பிசைந்து யூரியா செய்கிறார்கள். அந்த ஆலைகளின் புகை மேலே போய் மழையைத் தாறுமாறாக்குகிறது. பயிர் குடித்தது போக மீதி கீழே போகிறது. இன்று கிணற்றில் ஊறுவது மாப்பிள்ளையின் அப்பா போட்டது. மாப்பிள்ளை போட்டது இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது.

"இனிமே போடாம விட்டுட்டா, மச்சான்?"

"நீங்க விடலாம், மாப்பிள்ளை. சுத்தி இருக்கிற ஆயிரம் ஏக்கரும் விடுமா? விட்டாலும், இறங்கினது இறங்கினதுதான்."

உள்ளிருந்து தங்கை வந்தாள். கையில் காலிப் புட்டி. அழவில்லை.

"அண்ணா, நான் இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க வெச்சிருக்கணுமோ?"

இரண்டு குழாய்களும் அவர் சட்டைப் பையில் இடித்தன.

"இல்லம்மா," என்றார்.