முழங்கை தாழ்ந்த சல்யூட்

குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீரின் நிறம் மாறியதை முதலில் கண்டது ஏட்டு முத்துச்செல்விதான். வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் டீத்தூள் கரைந்தாற்போல ஒரு பழுப்பு. இத்தனை வருடம் சீசன் டியூட்டி பார்த்தவளுக்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை. மேலே மலையில் கொட்டித் தீர்க்கிறது, இன்னும் ஐந்தாறு நிமிடத்தில் கல்லும் கிளையுமாக இங்கே வந்து இறங்கும். விசிலை ஊதினாள், மைக்கை எடுத்தாள். பெண்கள் பக்கம் முணுமுணுத்துக்கொண்டே காலியாயிற்று. ஆண்கள் பக்கமும் காலியாயிற்று, ஒரே ஒரு ஆளைத் தவிர.

வழுக்கைத் தலை, உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் துண்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அந்தப் பக்கம் டியூட்டியில் இருந்த கான்ஸ்டபிள் வேல்ராஜ் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டு இவளிடம் ஓடி வந்தான்.

“யக்கா, அந்தாளு நகரவே மாட்டேங்காரு. கையக் காட்டி ஒரு மினிட், ஒரு மினிட்டுங்காரு. கேரளாக்காரரு. வரிசைல நிக்கவங்களுக்காவ வெரட்டுதோம்னு நெனைக்காரு.”

தப்பு அவர் மேல் மட்டுமா? சீசன் முழுக்கப் ‘போதும் போதும், வெளிய வாங்க’ என்று விரட்டுகிற அதே விசிலைத்தான் ஆபத்துக்கும் ஊதுகிறார்கள். முத்துச்செல்வி தடுப்புச் சுவர் வரை போய் எட்டிப் பார்த்தாள். அவர் முகத்தைத் துடைக்க இந்தப் பக்கம் திரும்பினார்.

சுகேசன்.

முடி முழுக்கப் போயிருந்தது. போனால் என்ன, அந்தத் தாடையையும் வலது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் தழும்பையும் அவளுக்குத் தெரியாதா! பத்தாவது படிக்கும்போது அச்சன்புதூர் வீட்டுக் கேபிளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிய மலையாளப் படத்தில் அவரை இன்ஸ்பெக்டராகப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். செங்கோட்டையிலிருந்து சிப்ஸ் பொட்டலமாக வந்த தாளில் அவர் காக்கிச் சட்டையோடு நின்றதை எண்ணெய்க் கறையோடு கத்தரித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். அவருக்குக் கடிதம் எழுத வேண்டுமே என்று தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு புத்தகம் வாங்கி மலையாளம் படித்தாள். மூன்று கடிதம் போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனால் அதற்குள் காக்கி மேல் வந்த ஆசை அவளுடைய சொந்த ஆசையாகியிருந்தது.

“ஏட்டி, சினிமாக்காரனப் பாத்துட்டா போலீசுக்குப் போறேங்குத?” என்று கேட்டார் அப்பா நல்லக்கண்ணு.

“ஆமாப்பா” என்றாள். பொய் சொல்லத் தெரியாத வயது. நல்லக்கண்ணு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், விடிந்தும் விடியாமலும் ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பியவளுக்குத் துணையாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

போலீஸ் பயிற்சிப் பள்ளியில் முதல் நாளே குட்டு வெளிப்பட்டது. கண்ணாடி முன் நூறு தடவை பழகியிருந்த சல்யூட்டைப் பெருமையாக வைத்தாள். முழங்கை தோள் மட்டத்துக்கு வர வேண்டும், இவளுக்கு விலாவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. சுகேசன் படத்தில் அப்படித்தான் வைப்பார். “இது எந்த ஊர் சினிமா?” என்று கேட்ட கவாத்து வாத்தியார் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டார். அந்தக் காதலுக்கு அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான். முழங்கையைத் தோளுக்கு ஏற்ற மூன்று மாதம் ஆயிற்று.

அவரை நேரில் பார்த்தால் முதலில் என்ன சொல்வது என்று அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. உங்களால்தான் என்று தொடங்கும். முப்பது வருடமாகத் திருத்தித் திருத்தி மெருகேற்றிய வாக்கியம். அதை அப்படியே விழுங்கிவிட்டு மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

“சாரே, மலயில் மழயாணு! வேகம் கேறி வரூ!”

மலையில் மழை, சீக்கிரம் ஏறி வாருங்கள் என்று சொந்த மொழியில் காதில் விழுந்ததும் அவர் கண்ணைத் திறந்தார். காலடியில் ஓடிய தண்ணீரைப் பார்த்தார், அண்ணாந்து மேலே பார்த்தார். அதன் பிறகு நடந்த நடையில் கதாநாயகத்தனம் ஒன்றும் இல்லை. வழுக்கினார், எழுந்தார், மறுபடி வழுக்கினார். வேல்ராஜ் பாய்ந்து போய்த் தோளைப் பிடித்து இழுத்தான். படியேறி மேலே வந்து மூச்சு விட்டதுதான் தாமதம், அருவி செம்மண் நிறத்தில் இரைந்து இறங்கியது. அவர் பிடித்து நின்ற கம்பி கண்ணுக்கே தெரியவில்லை.

கல்லில் உட்கார்ந்து நடுங்கினார். வேல்ராஜ் தன் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“மோள் மலயாளியாணோ?”

இல்லை, இங்கே பக்கத்தில் அச்சன்புதூர் என்றாள். பிறகு எப்படி இந்த மலையாளம் என்றார். உங்களுக்குக் கடிதம் எழுதத்தான் படித்தேன் என்று அவர் மொழியிலேயே சொன்னாள். காக்கியைத் தொட்டுக்காட்டி, இதுவும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என்றாள். மெருகேற்றிய வாக்கியத்தில் ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை.

எந்தப் படம் என்று கேட்டார். பெயரைச் சொன்னாள். அவர் வாய் பிளந்தது.

“அது ஓடியில்லல்லோ!”

“எங்க வீட்டுல ஓடிச்சு சார்” என்றாள் முத்துச்செல்வி.

அவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தக் கடிதங்கள் வந்து சேர்ந்தனவா என்று தனக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்றார். மன்னிக்க என்ன இருக்கிறது! ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த மனிதர் டிவிக்குள் வந்து நின்றிராவிட்டால் தான் எங்கே இருந்திருப்போம் என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நல்லா இருக்கணும் இந்த மனுசன், நூறு வருசம் நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவர் எழுந்தார். ஒரு கையால் துண்டை இறுக்கிக்கொண்டு, காலைச் சேர்த்து, மறு கையைப் புருவத் தழும்புக்கு உயர்த்தினார். முழங்கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. இத்தனை வருடமாக அவரை யாரும் மைதானத்தைச் சுற்றி ஓடவிடவில்லை போலும்.

முத்துச்செல்வி தொப்பியைச் சரிசெய்தாள். ஈரப் பாறையில் பூட்ஸ் சத்தமிடக் குதிகாலைச் சேர்த்தாள். தோள் மட்டம் வரை ஏறிய முழங்கையை மெல்ல, மெல்ல விலாவுக்கு இறக்கினாள்.

“யக்கா, கை...” என்று ஆரம்பித்த வேல்ராஜ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். பின்னால் அருவி சிவப்பாக இரைந்தது. சுகேசனின் தாழ்ந்த முழங்கையிலிருந்து எண்ணெயும் தண்ணீரும் சொட்டிக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் கையை இறக்கவில்லை.