ஐந்து வருஷப் படிப்புக்காரன்

எங்கள் வார்டு கம்ப்யூட்டர் செத்ததற்கு நான்தான் காரணம். அதன் தலைமேல் இருந்த பச்சைப் பாக்கெட் சோளப்பொரியை நான் தின்றுவிட்டேன். எந்த இயந்திரமும் சமர்த்தாக ஓட வேண்டுமானால் மேலே ஒரு பச்சைப் பாக்கெட் வைக்க வேண்டும், அதைப் பிரிக்கவே கூடாது. தைவானில் குழந்தைக்கும் இது தெரியும். என் பசிக்குத்தான் தெரியவில்லை. பத்தே நிமிடத்தில் திரை கறுத்தது.

"டேய் கூ! மெஷினுக்கு வெச்சதத் தின்னுட்டியாடா?" தலைமை நர்ஸ் லியாவ் அக்கா கத்தினார். "இனிமே எல்லாம் காகிதத்துலதான். நீயும் யூ-ஷினும் சேர்ந்து போய் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துட்டு வாங்க!"

இதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கிடையாது.

நான் பதினைந்து வயதில் நேராக ஐந்து வருஷ நர்சிங் டிப்ளமோவுக்குப் போனவன். யூ-ஷின் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்துவிட்டு, தைப்பேயில் நாலு வருஷப் பட்டம் வாங்கியவள். இருவரும் எழுதியது ஒரே அரசுத் தேர்வு. கிடைத்தது ஒரே லைசென்ஸ். நான் இருபதில் வேலைக்கு வந்தேன், அவள் இருபத்திரண்டில். வயதில் எனக்கு நாலு மாதம் மூத்தவள், ஆனாலும் வார்டு வழக்கப்படி என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். என் வாழ்க்கையின் சின்னச் சின்ன சந்தோஷங்களில் அது முதலாவது.

புதிதாக வரும் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவரை அன்று அறிவிப்பதாக இருந்தது. அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும். குளியலறைக் கண்ணாடி முன் நின்று பாடமெல்லாம் நடத்திப் பார்த்துவிட்டேன். ஆனால் யூ-ஷினுக்குத்தான் என்று பேச்சு. "பட்டம்தான் காரணமா?" என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டேன். எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டும் ஒரே லைசென்ஸ்தானே" என்றார்கள்.

ஏழாம் படுக்கையில் ஃபாங் தாத்தா, பழைய லாரி டிரைவர். யூ-ஷின் ஊசியை இறக்கினாள். ரத்தம் வரவில்லை.

"மன்னிச்சுக்குங்க தாத்தா."

அவருடைய நல்ல நரம்பு கட்டைவிரல் பக்கம் ஒளிந்திருக்கிறது. நாலு நாளாக நான் அதில்தான் எடுக்கிறேன். தட்டைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்தேன். இரண்டாவது குத்தும் வீண். எனக்குள் திருவிழா வேட்டுச் சத்தம் கேட்டது.

"ஏம்மா, என் கைய ஊசி குத்தி வெக்கிற பஞ்சுன்னு நெனச்சியா?" என்றார் தாத்தா.

இரண்டு தடவைக்கு மேல் ஒரே ஆள் குத்தக் கூடாது என்பது எங்கள் விதி. அவள் முகம் சிவந்து, "அண்ணே, நீங்க பாருங்களேன்" என்றாள்.

ஒரே குத்து. குழாயில் ரத்தம் ஏறியது. "பதினஞ்சு வயசுலேர்ந்து பழக்கம் தாத்தா!" என்று அடுத்த வார்டுவரை கேட்கும்படி சொன்னேன். திரைச்சீலை ஓரம் லியாவ் அக்கா நின்றிருந்தார். பார்த்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். தாத்தாவின் கையில் இரண்டு நீலப் புள்ளிகள் வீங்கியிருந்தன. பஞ்சை வைத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்தினேன். ஏனென்று அப்போது யோசிக்கவில்லை.

மத்தியானம் அறிவிப்புப் பலகையில் பயிற்சிப் பொறுப்புக்கு யூ-ஷினின் பெயர் இருந்தது. சாப்பாட்டு டப்பாவும் கையுமாக லியாவ் அக்கா அறைக்குள் நுழைந்தேன்.

"அக்கா, ஒரே ஒரு நேர் பதில் சொல்லுங்க. நாலு வருஷப் படிப்புதானே காரணம்?"

"இல்ல. கை வேலையில இந்த வார்டுல உன்ன அடிச்சிக்க ஆளே இல்ல."

"அப்புறம் என்னக்கா?"

அவர் சாப்பிடுகிற குச்சியைக் கீழே வைத்தார். "அந்த நரம்பு எங்க இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

நான் டப்பா மூடியைப் பார்த்தேன்.

"அவ தெரியாம குத்தினா. நீ தெரிஞ்சே பாத்துட்டு நின்ன. வலி அவளுக்கில்ல, அந்தப் பெரியவருக்கு. உன்கிட்ட எப்படிடா புதுப் புள்ளைங்கள விடுறது?"