ஏரிக்கரை இறக்கம்

மகள் ரஞ்சனி ஓட்ட, அவள் வாங்கிய பேட்டரி காரில் சரோஜாவும் கணவர் பலராமனும் ஒரகடத்திலிருந்து மணிமங்கலம் கோயிலுக்குப் போனார்கள். ஏரிக்கரை இறக்கம் வந்ததும் சரோஜா சிரித்தாள்.

“கல்யாணமான புதுசுல உங்கப்பா இங்க ஸ்கூட்டரை ஆஃப் பண்ணி அப்படியே உருள வுட்டுடுவாரு. பெட்ரோல் மிச்சமாம். சத்தம் நின்னாதான் நான் பேசுறது அவருக்குக் கேக்கும். கூட்டுக் குடும்பம், வூட்டுல எங்க பேசுறது?”

“இறக்கம் முடிஞ்சும் கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளிக்கினே நடப்பேனே, ஞாபகம் இருக்கா?” என்றார் பலராமன்.

“பெட்ரோல் தீந்துபோச்சுன்னு சொல்வீங்க.”

“தீரலை. நீ பேசி முடிக்கலை.”

இத்தனை வருஷமாக அவள் அந்தப் பெட்ரோல் கதையை நம்பியிருந்தாள். பின்னாலிருந்து எட்டி, முன்சீட்டில் இருந்தவரின் தோளில் கையை வைத்தாள். ரஞ்சனி காரின் வேகத்தைக் குறைத்தாள்.