பாக்கியசாமியின் துண்டு

வான்கோழியின் கால் வேலிமுள்ளில் சிக்கி ஒடிந்தது அடைமழைக்கு நடுவில்தான். சந்தனமேரி அதை மாரோடு அணைத்துத் தூக்கிவந்தபோது, அவளுடைய இரண்டு காலிலும் கரிசல் சேறு கனத்த செருப்பைப்போல அப்பியிருந்தது. பறவை கத்தவில்லை. கழுத்துச் சதை சிவப்பெல்லாம் வடிந்து வெளுத்துப்போய், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வான்கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது ஊரையே மிரட்டித் திரிகிற சாதி. போன வாரம்வரை தெருவில் சைக்கிளில் போகிறவர்களையெல்லாம் இறகை விரித்துக்கொண்டு விரட்டியது இதுதான்.

அவள் புருஷன் வேதமாணிக்கம் அதன் காலைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது.

"இனி இது நிக்காது மேரி. இன்னைக்கே அறுத்துரணும்."

"கிறிஸ்மஸுக்குப் பத்து நாளு கெடக்கு. அவன் வாரதுக்குள்ளயா?"

அவர் கத்தியைத் தேடப் போனார்.

அவன் என்றால் பாக்கியசாமி, அவர்களுடைய ஒரே மகன். இவர்கள் இருவரும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, கோவில்பட்டிக்கு வெளியே ஓட்டுவீடு ஒன்றில் குடியேறி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மகன் பெண் எடுத்த வீட்டுக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்துவிட்டதால் அவன் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டான். அந்த வருஷம் சித்திரையில் ஊருக்கு வந்துபோன ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தான்: 'இந்தக் கிறிஸ்மஸுக்குக் கட்டாயம் வாரேன். அப்பாவ வான்கோழி சாசேஜ் போட்டு வைக்கச் சொல்லுங்க.' அதைக் கேட்ட மறுநாளே சந்தனமேரி கடம்பூர்ச் சந்தைக்குப் போய் இந்தக் குஞ்சை வாங்கிவந்தாள்.

ஆடியில் அங்கே கலவரம் வந்தது. லயங்களுக்குத் தீ வைத்தார்கள் என்றார்கள். வேதமாணிக்கம் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்க் கப்பலில் வந்து இறங்குகிறவர்களிடமெல்லாம் விசாரித்தார். ஒருவர், அந்தத் தோட்டத்து ஆட்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள் என்றார். இன்னொருவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்குச் சரியாத் தெரியாது அண்ணாச்சி என்று எழுந்து போய்விட்டார். அந்த இரண்டாவது ஆளைப்பற்றி அவர் வீட்டில் சொல்லவே இல்லை. ஆனால் அன்று முதல் சாயங்காலம் ஆனால் பீடி வாங்கப் போவதாகச் சொல்லி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்வந்தார். வீட்டுக்கு எதிரிலேயே பீடிக் கடை இருந்தது. சந்தனமேரி ஒன்றும் கேட்டதில்லை.

தோட்டத்துத் துரையின் பங்களாவில் இருபது வருஷம் சமையல்காரராக இருந்தவர் அவர். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் துரைக்கு வான்கோழி சாசேஜ் போட்டே ஆகவேண்டும். குடலில் கறியை அடைத்து வரும்போது கடைசியில் கறி போதாமல் விரற்கடை நீளத்துக்கு ஒரு குட்டைத் துண்டு மிஞ்சும். அது மேசைக்குப் போகாது; சமையல்காரன் பங்கு. அதைச் சட்டைப்பையில் ஒளித்துவந்து பாக்கியசாமிக்குக் கொடுப்பார். கல்யாணமான பிறகும் அவன் அந்தத் துண்டைத்தான் கேட்டு வாங்கித் தின்றான்.

வெயில் அடித்தால் கறியை உப்புக்கண்டம் போட்டுவிடலாம். ஆனால் அந்த மழையில் துணிகூடக் காயவில்லை. "சாசேஜ் போட்டுப் பொகையில தொங்க விட்டா மாசக்கணக்கா கெடாது. அவன் தை மாசம் வந்தாலும் திங்கலாம்," என்றார் வேதமாணிக்கம். சந்தனமேரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். தை மாசம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே குடல் வாங்கிவரக் கிளம்பினாள்.

கறிக்கடை கொம்பையா ஆட்டுக்குடலோடு கொஞ்சம் கொழுப்பும் கொடுத்தார். வான்கோழிக் கறி வறண்ட கறி, கொழுப்புச் சேராவிட்டால் மரத்தூள் மாதிரி ஆகிவிடும். வேதமாணிக்கம் பனம்பலகையில் கறியைப் போட்டு இரண்டு கையிலும் கத்தி பிடித்துக் கொத்தினார். மிளகு, பூண்டு, உப்பு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய். சந்தனமேரி குடலைப் புறம் திருப்பி, கத்தி முதுகால் வழித்து, எலுமிச்சையும் உப்பும் போட்டு அலசினாள். கண்ணாடித் தாள்போல ஆகும்வரை அலசினாள்.

பக்கத்து வீட்டு வேலுத்தாய் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து முக்காட்டோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஏட்டி மேரி, ஊருலகத்துல வயித்துக்குள்ள கறி போகும். ஒங்க வீட்டுல கறிக்கு வெளிய வயிறு போட்டுத் தைக்குதியளே."

"துரைமாரு தின்ன பண்டம்க்கா."

"அதான் ஓடிப்போயிட்டானுவ போல."

வேதமாணிக்கமே சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. வேலுத்தாய் அதைக் கவனித்துவிட்டு, மேற்கொண்டு கேலி பேசாமல், தான் கொண்டுவந்த சாக்கை இறக்கி வைத்தாள். "வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கும். அடுப்புப் பத்தவைக்க வச்சுக்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். சாக்கு நிறையக் கழிவுத் தீக்குச்சி. மருந்து முக்காதது, மெழுகு மட்டும் ஏறியது. எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் அதுதான் எல்லா வீட்டு அடுப்புக்கும் கை கொடுக்கும்.

கப்பலில் கொண்டுவந்த தகரப் புனலின் வாயில் குடலை மாட்டி, அவர் கறியைக் கட்டைவிரலால் தள்ளினார். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். காற்று புகுந்த இடத்தில் ஊசியால் குத்தினாள். ஒரு சாண் நிறைந்ததும் ஒரு முறுக்கு, அடுத்ததற்கு எதிர்ப்பக்கம் முறுக்கு. கடைசியில் கறி தீர்ந்தது. குட்டைத் துண்டு ஒன்று மிஞ்சியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர் அதன் நுனியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, ஒன்றுக்கு இரண்டாக இன்னொரு முடிச்சும் போட்டார்.

சாசேஜ் சரத்தை அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் தொங்கவிட்டார்கள். "பருத்திமார் மட்டும் போடு. தீ எரியக் கூடாது, பொகையணும். அணையவும் கூடாது. மூணு நாளு," என்றார்.

அவள் அடுப்பை விட்டு நகரவில்லை. பருத்திச் செடியைப் பிடுங்கிக் கட்டிவைத்த அந்த மார் ஈரம் ஏறிக் கிடந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம், அவர் பீடி வாங்கப் போயிருந்த நேரத்தில், புகை மெலிந்து மெலிந்து ஒரு நூலாகி நின்றுவிட்டது. அவள் ஊதினாள். சாம்பல்தான் பறந்தது. இது அணைந்தால் கறி கெடும், கறி கெட்டால் அவன் வரும்போது ஒன்றும் இருக்காது. அப்புறம் அவன் எதற்காக வருவான் என்றுகூட அவள் மனம் ஓடியது. பிள்ளையைப் பிரிந்த மனசுக்குக் கணக்கு அப்படித்தான். சாக்கிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிக் குச்சியைப் போட்டாள். கரும்புகை குபுகுபுவென்று எழுந்து சரத்தை மூடியது. அப்பாடா என்று உட்கார்ந்தாள். அவர் வரும்வரை அள்ளிப் போட்டுக்கொண்டேயிருந்தாள்.

மூன்றாம் நாள் வேதமாணிக்கம் முதல் துண்டை அறுத்து, தோசைக்கல்லில் வாட்டி இரண்டாக வெட்டினார். கல்லில் வாட்டும்போதே வாசனை வந்துவிட்டது: உருகின மெழுகும் தாரும் கலந்த, தீப்பெட்டி ஆபீஸுக்குள் நுழைந்ததுபோன்ற வாசனை. அவர் வாயில் போட்டு மென்றார். தாடை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி மென்று விழுங்கினார். அவளும் தன் பாதியை வாயில் வைத்தாள். நாக்கு முழுக்கக் கசந்தது.

"கழிவுக் குச்சியப் போட்டுட்டேன்," என்றாள். "அணைஞ்சிரும்னு பயந்துட்டேன்."

அவர் கையைத் தோள்துண்டில் துடைத்தார். மேலே தொங்குகிற சரத்தை வெகுநேரம் பார்த்தார். முகாமில் எழுந்துபோன ஆளைப்பற்றி இப்போது சொல்லிவிடுவார்போல உதடு அசைந்தது. அவள் அடுப்படியில் தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம் என்பதுபோலக் காத்திருந்தாள்.

"பொகை பத்தல மேரி," என்றார் கடைசியில். "இன்னும் கொஞ்ச நாளு தொங்கட்டும்."

"எவ்வளவு நாளு?"

"தொங்கட்டும்."

கிறிஸ்மஸ் போய், பொங்கல் போனது. பருத்திமார் காய்ந்து நல்ல புகை கொடுத்தது. வேலுத்தாய் வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவாள். தைக் கடைசியில் ஒரு சாயங்காலம் வேதமாணிக்கம் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது, பீடி வாங்கப் போறேன் என்று சொல்ல மறந்து செருப்பை மாட்டினார்.

"பாத்துப் போயிட்டு வாங்க," என்றாள் சந்தனமேரி. "மதுரை வண்டி இன்னைக்கு லேட்டாம். வேலுத்தாயக்கா சொன்னா."

அவர் திரும்பி அவளைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். அவள் அடுப்பில் இரண்டு மார் முறித்துப் போட்டாள். மேலே சரம் கறுத்துச் சுருங்கி, கொடியில் காய்ந்த புடலங்காய்போல ஆகியிருந்தது. அதன் நுனியில், இரட்டை முடிச்சுப் போட்ட குட்டைத் துண்டிலிருந்து மட்டும் எப்போதாவது ஒரு சொட்டுக் கொழுப்பு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்று, தணலில் விழுந்து, பொசுக்கென்று ஒரு சிறு சுடராக எரிந்தது.